காலித் தொட்டிலின் மூச்சு

காலியாக இருந்த ஒரு தொட்டில், தனக்குள் ஒரு குழந்தை சுகமாகத் தூங்குகிறது என்று செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியிலிருந்து சாதித்துக்கொண்டிருந்தது.

திருப்பூர் எடை அளவு ஆய்வுக்கூடத்தில், பெட்ரோல் பங்க் அளவைக் குடுவைகளுக்கும் துருவேறிய எடைக்கற்களுக்கும் நடுவே அது மெத்தென்று ஆடியது. பாதாம்பால் நிறம். தலைமாட்டிலிருந்து பிறை போல வளைந்து வந்த கை ஒன்று, அதன் நுனியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு ரேடார். பக்கத்துத் திரையில் பச்சை எழுத்து: ‘குழந்தை நலம். மூச்சு நிமிடத்துக்கு 34.’

ஆய்வாளர் சுகந்தி குனிந்து பார்த்தாள். விரிப்பு இருந்தது, இரண்டு திண்டுகள் இருந்தன, ஒரு வெள்ளி அரைஞாண் கிடந்தது. குழந்தை மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அவள் பொய் சொல்லும் தராசுகளை நிறையப் பார்த்திருக்கிறாள். தக்காளிக்குப் பொய் சொன்னவை, தங்கத்துக்குப் பொய் சொன்னவை, ஒரே நாளில் இரண்டுக்கும் பொய் சொன்னவை. அத்தனையும் இருக்கிற பொருளைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். இல்லாத பொருளை மூச்சு விடவைத்த தராசு இதுதான் முதல்.

மின்விசிறியை நிறுத்தினாள். முப்பத்துநான்கு. திண்டுகளை எடுத்தாள். முப்பத்துநான்கு. தொட்டிலை நிறுத்தி விரிப்பை மாற்றினாள், ஐந்து கிலோ அரிசி மூட்டையைப் படுக்கவைத்து மறுபடி ஓடவிட்டாள். குழந்தை நலம் என்றது தொட்டில். பக்கத்தில் நிற்பவரின் மூச்சை எண்ணுகிறதோ என்ற சந்தேகத்தில், பதிவறை உதவியாளர் மாசிலாமணியை வெளியே போகச் சொன்னாள். அவர் மனம் புண்பட்டுப் போனார்.

“என்ற மூச்சு முப்பத்திநாலெல்லாம் போகாதுங் மேடம். மாடிப்படி ஏறுனாப் போகும், அதும் ரெண்டாவது மாடிக்கு.”

அவர் போன பிறகும் முப்பத்துநான்கு. தானும் வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆளில்லாத அறையில் ஆளில்லாத தொட்டில் அதையே சொன்னது. எதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வரட்டுமா என்று மாசிலாமணி தாழ்ந்த குரலில் கேட்டார்.

இது எடை அளவு அலுவலகத்துக்கு வந்ததே ஒரு கூத்து. பச்சிளங்குழந்தைக் காப்பு மன்றம் இந்தத் தொட்டிலைச் சோதிக்க ஆள் தேடி மூன்று வாரம் அலைந்தது. மருத்துவக் கருவிக்காரர்கள் இது மரச்சாமான் என்றார்கள். மரச்சாமான்காரர்கள் இது மின்சாதனம் என்றார்கள். மின்சாதனக்காரர்கள் ஷாக் அடிக்கிறதா என்று பார்த்து, அடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையைக் கழுவினார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், தராசும் தொங்குகிறது, தொட்டிலும் தொங்குகிறது என்று கோப்பில் குறிப்பு வைத்தார். மறுநாளே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எட்டு நாளில், அடுத்த புதன்கிழமை விசாரணைக்குள், இந்தக் கருவியின் கணக்கு சரியா என்று சொல்ல வேண்டும்.

தொட்டிலின் பெயர் மடிநிலா. அதே பெயரில் நிறுவனம். ‘அழுகை இல்லாத வீடு’ என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்க விளம்பரம். குழந்தையின் மூச்சை எண்ணும், அந்தத் தாளத்துக்கே ஆடும், மூச்சு நின்றால் சங்கு ஊதும்.

புதன்கிழமை காலை நிறைமதி வந்தாள். தொட்டில் தன்னுடையதுதான் என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்துநான்கு வயது, பனியன் கம்பெனியில் காலர் செக்கிங். தோளில் ஒரு ஃபிளாஸ்க். அதில் தாய்ப்பால். அவளுடைய ஐந்து மாதப் பிள்ளை கவின் இருபத்துமூன்று நாட்களாக அரசுக் காப்பகத்தில் இருந்தான். காலையிலும் மாலையிலும் பால் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்க் காப்பகத்து ஜன்னலில் கொடுப்பாள். பிள்ளையைக் கையில் தரமாட்டார்கள். காலி ஃபிளாஸ்க்கைக் கழுவித் தருவார்கள்.

நடந்ததை அவள் ஒரே சீராகச் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகிய சீர். பிள்ளைக்குச் சளி. மதியம் மூன்று மணி, வெயில். இடுப்பில் அரைஞாணும் கீழே ஒரு துணியுமாகத் தொட்டிலில் போட்டுவிட்டுத் துணி மடித்தாள். தொட்டிலோடு இணைத்த போனில் பச்சையாகவே இருந்தது. மூன்று பன்னிரண்டுக்குப் பால் கொடுக்கத் தூக்கினால் உதடு நீலம். தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒரு நர்ஸ் வாயில் ஊதி மீட்டுவிட்டாள். பிள்ளை பிழைத்தான், எந்தக் குறையும் இல்லை. அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. தொட்டிலின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று பன்னிரண்டு வரை மூச்சு முப்பத்துநான்கு, குழந்தை நலம். தொட்டிலில் நன்றாக மூச்சு விட்டவன் அம்மா கையில் போனதும் நின்றிருக்கிறான் என்றால், அம்மாவின் கை என்ன செய்தது?

“அடுத்த வாரம் தீர்ப்புச் சொல்லிருவாங்க. எனக்கு எதிரா வந்தா தத்து குடுக்கற பட்டியல்ல சேத்திருவாங்களாமா,” என்றாள் நிறைமதி. பிறகு ஆடுகிற தொட்டிலைப் பார்த்தாள். திரையைப் படித்தாள். “ஏனுங்க்கா, உள்ள யாருமே இல்லையே. இது பொய் சொல்லுதுங்களா?”

சொல்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றாள் சுகந்தி. காரணம் தெரியாத பொய்யை எந்த மன்றத்திலும் கொண்டுபோய் வைக்க முடியாது. கருவி கெட்டுவிட்டது, லாரியில் ஆடி வந்ததில் கெட்டிருக்கும் என்று நிறுவனம் ஒரே வாயில் முடித்துவிடும்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் காரணம் தானாக வந்தது. அதைக் கண்டுபிடித்தது மாசிலாமணியின் பென்ஷன் பயம்.

அரசு அலுவலகத்தில் மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில், எழுதிய பொருள் எழுதிய இடத்தில் இருக்க வேண்டும். ‘தொட்டிலினுள்: விரிப்பு ஒன்று, திண்டு இரண்டு, வெள்ளி அரைஞாண் ஒன்று’ என்று மகஜர் சொன்னது. ஆஸ்பத்திரியில் பிள்ளை இடுப்பிலிருந்து கழற்றியதைப் போலீஸ் தொட்டில் சாமானோடு சேர்த்து எழுதிவிட்டது. எனவே சுகந்தி எதை எடுத்தாலும் எதை மாற்றினாலும், பின்னாலேயே வந்து மாசிலாமணி அரைஞாணை மட்டும் பத்திரமாகத் தொட்டிலுக்குள் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளி காணாமல் போனால் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அவர் தலையில்தான் விடியும். இன்னொரு விதியும் உண்டு: மாலை ஐந்தடித்தால் விலையுயர்ந்த பொருள் இரும்புப் பெட்டிக்குப் போக வேண்டும். செவ்வாயன்று தொட்டிலை நிறுத்திவிட்டுப் பெட்டியில் வைத்தார். புதனன்று சுகந்தி நிறுத்த மறந்து காகிதத்தில் மூழ்கியிருந்தாள். மாசிலாமணி ஆடுகிற தொட்டிலிலிருந்து அரைஞாணை எடுத்தார்.

திரை சிவந்தது. எண் சைபரானது. பழைய மில் சங்கையே தோற்கடிக்கும் ஒரு சங்கு ஊதியது. மாசிலாமணி அரைஞாணைத் தலைக்குமேல் தூக்கியபடி, துப்பாக்கி முனையில் நிற்பவர் போல நின்றார்.

“கீழ போடுங்க,” என்றாள் சுகந்தி.

போட்டார். பத்து நொடியில் பச்சை. முப்பத்துநான்கு. குழந்தை நலம்.

“எடுங்க.”

சங்கு. இப்படி ஆறு முறை. பிறகு வெள்ளிக்குப் பதில் ஐம்பது கிராம் பித்தளைக் கல்லை நூலில் கட்டி விரிப்பில் போட்டார்கள். பித்தளைக் கல்லும் நலமாகத் தூங்கியது. சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, அரைமணி நேரம் அந்தக் கல் நகர்வதை மட்டும் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. பொய்யின் எலும்புக்கூடு தெரியும்போது அவளுக்கு வரும் மலர்ச்சி அது. மாசிலாமணிக்கு அது பழக்கம். வீட்டுக்குப் போகத் தாமதமாகும் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார்.

“பஸ்ஸுல டிரைவர் முன்னால சாவிக்கொத்து தொங்கும் பாத்திருக்கீங்களா?” என்று ஆரம்பித்தாள். “பஸ் இப்படித் திரும்பும். சாவிக்கொத்து அதே நேரத்துல திரும்பாது. ஒரு நொடி தயங்கி, அப்புறம் பின்னாலயே போகும்.”

“என்ற மருமகன் மாதிரி.”

“அதேதான். இந்த ரேடார் தொட்டில் ஆடறதையும் பாக்குது, பிள்ளை நெஞ்சு ஏறி இறங்கறதையும் பாக்குது. ரெண்டும் கலந்துதான் வரும். ஆனா தொட்டில் எவ்வளவு ஆடுதுன்னு மோட்டாருக்குத் தெரியும். அதைக் கழிச்சிடுது. மிச்சம் இருக்கறது மூச்சு. கணக்கு சரிதானே?”

சரிதான் என்றார் மாசிலாமணி.

“இப்ப ஒரு லூசான வெள்ளி உள்ள கெடக்கு. தொட்டில் ஆடும்போது அது கூடவே ஆடாம, தயங்கித் தயங்கிச் சறுக்குது. அந்தத் தயக்கத்தைக் கழிக்க மோட்டாருக்குத் தெரியாது. மிச்சத்துல நின்னுடுது. அதுவும் உலோகம், ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி பளிச்சுனு தெரியும். பக்கத்துல பிள்ளை நெஞ்சு மங்கல். பளிச்சுனு தெரியறதை மூச்சுன்னு எடுத்துக்குது.”

“சரிங் மேடம், அதென்ன கணக்கா முப்பத்திநாலு?”

சுகந்தி காத்திருந்த கேள்வி அது. தொட்டில் மூச்சின் தாளத்துக்கு ஆடுகிறது. வெள்ளி தொட்டிலின் தாளத்துக்குச் சறுக்குகிறது. தொட்டில் வெள்ளியை எண்ணி அதையே மூச்சு என்கிறது. மறுபடி அதே தாளத்துக்கு ஆடுகிறது. தன் ஆட்டத்தைத் தானே எண்ணித் தனக்கே சபாஷ் போட்டுக்கொள்கிற சபா இது. ஒருமுறை முப்பத்துநான்கில் பிடித்துக்கொண்டால், நிறுத்தி மறுபடி ஓடவிட்டாலும், உள்ளே பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூச்சு ஓடினாலும் நின்றாலும், முப்பத்துநான்குதான்.

மாசிலாமணி தொட்டிலைக் கொஞ்ச நேரம் வெறித்தார். பிறகு, அந்தப் பிள்ளை எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்ததோ என்றார்.

மறுநாள் நிறைமதியைக் கூப்பிட்டு அரைஞாணைப் பற்றிக் கேட்டாள். ஐந்து மாதப் பிள்ளையின் இடுப்பைவிட நான்கு விரற்கடை பெரிது என்று சுகந்தி அளந்து வைத்திருந்தாள். நிறைமதிக்குக் கேள்வியே புரியவில்லை. “வளர்ற பிள்ளைக்கு யாருங்க்கா அளவா வாங்குவாங்க? ரெண்டு வயசு வரைக்கும் வரணுமில்லீங்?” என்றாள். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அரைஞாண் லூசுதான். சட்டை லூசுதான், பள்ளிக்கூட ஷூவும் லூசுதான். இந்த ஊரில் தொட்டில் விற்க வந்தவர்கள் மட்டும் அதைப் பார்க்காமல் போயிருக்கிறார்கள்.

இனி வழக்கு முடிந்தது என்று சுகந்தி நினைத்தாள். வெள்ளிக்கிழமை மடிநிலாவின் வக்கீல் வந்து அந்த நினைப்பைப் பிடுங்கினார்.

ஹரிநந்தன் என்று பெயர். பளபளவென்று இருந்தார். கூடவே நிறுவனத்தின் பொறியாளர் எட்வின், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு. சுகந்தியின் அறிக்கையைப் படித்த வக்கீல் அதை மறுக்கவே இல்லை. அருமையான ஆய்வு என்று பாராட்டினார். கையேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில், உலோக ஆபரணம் கூடாது என்று கடுகு எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் சுகந்தி சமாளித்திருப்பாள். அடுத்து அவர் நாற்பது நாள் சட்டத்தை எடுத்தார்.

அந்தச் சட்டம் ஒரு மிக்ஸியால் வந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு பேசும் மிக்ஸி, வீட்டுக்காரரின் வாயிலிருந்து கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு, பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரைத் திட்டிவிட்டது. வழக்கு மேலே மேலே போனது. கற்கும் பொருள் எதுவானாலும், வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆன பிறகு அது கற்றுக்கொண்டதற்கெல்லாம் வீட்டுக்காரரே பொறுப்பு, அவரே அதன் ‘வளர்ப்பாளர்’ என்று முடிந்தது. மிக்ஸிக்கு நியாயமான தீர்ப்புதான். ஆனால் நிறுவனங்கள் அந்த வரியை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டன.

நிறைமதியின் வீட்டில் மடிநிலா நூற்றுப்பத்து நாள் இருந்திருக்கிறது. நாங்கள் விற்றது ஒன்றும் தெரியாத தொட்டில், வெள்ளியைப் பிள்ளை என்று கற்றுக்கொடுத்தது அந்த வீடு என்றார் ஹரிநந்தன். கருவி தவறு என்று ஆய்வாளரே நிரூபித்துவிட்டதால், தவறாக வளர்த்தவர் மேல் இனி அலட்சியக் குற்றமும் சேரும், தங்கள் உதவிக்கு நன்றி என்று எழுந்து கும்பிட்டார்.

சுகந்திக்கு வாய் கசந்தது. எட்டு நாளில் நான்கு நாள் செலவழித்து, சந்தேகத்தில் இருந்த ஒரு பெண்ணைக் குற்றத்துக்குள் தள்ளிவிட்டிருக்கிறாள்.

வக்கீல் போனில் பேச வெளியே போனார். எட்வின் மட்டும் தொட்டிலருகே நின்றார். திரையைப் படிக்கும் முன் தொட்டிலின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினார். ஆட்டம் அடங்கியதும் எண்ணைப் பார்த்தார். விட்டார். சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டி வந்தது. மறுபடி பிடித்து நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார்.

அதைச் சுகந்தி கவனித்தாள். தராசோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கை தெரியும். முள் அடங்காமல் எடை படிக்க மாட்டார்கள். இந்த மனிதரின் விரல்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது, அவர் செய்த தொட்டிலுக்குத் தெரியவில்லை. அது எப்படி?

நேராகக் கேட்டால் வக்கீல் பதில் சொல்வார். ஆகவே கேட்கவில்லை. எட்வினோடு ரேடாரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். மனிதர் ஊற்றெடுத்துவிட்டார். அலை போய் வரும் நேரத்தைப் பற்றி, மோட்டாரின் பல்சக்கரத்தைப் பற்றி, தேநீர் ஆறுவது தெரியாமல் பேசினார். சுகந்தி வேண்டுமென்றே ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னாள். தேநீரை வைத்துவிட்டுத் திருத்தினார். இன்னொரு இடத்தில் தப்பாகச் சொன்னாள். பேனா கேட்டு வாங்கிப் படம் போட்டுத் திருத்தினார். சம்பளம் யார் கொடுத்தாலும், ஒரு கருவியைப் பற்றித் தப்பான விளக்கத்தைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாத சாதி ஒன்று உலகத்தில் உண்டு. சுகந்தியும் அந்தச் சாதிதான். அதனால் அந்த நோயை எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை மன்றத்தில் தலைவர் ரஹமத்நிஷா நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, காதில் கருவி, முன்னால் வெந்நீர். நிறைமதி ஓரத்துப் பெஞ்சில் இருந்தாள். அன்று காலை ஜன்னலில் ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். ஹரிநந்தன் நாற்பது நாள் சட்டத்தை அழகாக எடுத்து வைத்தார். தொட்டில் ஒரு வெள்ளைக் காகிதம், எழுதியது வீடு என்றார். தலைவர் முகம் சுளித்தார், ஆனால் சட்டப் புத்தகத்தை மூடவில்லை.

சுகந்தி எழுந்து அறிக்கையின் கடைசிப் பத்தியைப் படித்தாள். அந்தப் பத்தியை அன்று காலைதான் எழுதியிருந்தாள். இந்தத் தொட்டிலை உருவாக்கியவர்கள் அடிப்படை அறிவில்லாதவர்கள் என்று அது தொடங்கியது. தட்டில் கை வைத்துக்கொண்டு எடை பார்க்கக் கூடாது என்பது உழவர் சந்தையில் வெண்டைக்காய் விற்பவருக்குக்கூடத் தெரியும். ஆடிக்கொண்டே மூச்சை எண்ணக் கூடாது என்பது இவர்களுக்கு உதித்ததே இல்லை. அந்த அளவுக்குப் படிக்காத ஒரு பொறியாளர் குழுவை நிறுவனம் எங்கே பிடித்தது என்று ஆய்வுக்கூடத்துக்கு விளங்கவில்லை.

அவள் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“உதிக்காம இல்ல மேடம்.” எட்வின் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. “முதல் டிசைன்லயே இருந்தது.”

ஹரிநந்தன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தலைவர் காதுக் கருவியைத் திருகினார்.

“அவரை விடுங்க வக்கீல் சார். எது இருந்தது?”

“நிறுத்தம். நிமிஷத்துக்கு ஒருதடவை தொட்டில் பன்னெண்டு செகண்ட் நிக்கும். நின்ன பிறகுதான் எண்ணும். ஆட்டம் இல்லாதப்ப அசையறது மூச்சு மட்டும்தான். வெள்ளி கெடந்தாலும் பித்தளை கெடந்தாலும் அதுபாட்டுக்குச் சும்மா கெடக்கும். அதை நான்தான் எழுதினேன். அறிவில்லாதவன்னு மட்டும் எழுதாதீங்க.”

“பின்ன எங்க போச்சு அது?” என்றாள் சுகந்தி.

எட்வின் வக்கீலைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் இருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அறுபது குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். தொட்டில் நின்றதும் நாற்பத்தொரு பிள்ளைகள் முழித்துக்கொண்டு அழுதன. விற்பனைப் பிரிவு விளம்பரத்தை ஏற்கனவே அச்சடித்திருந்தது: அழுகை இல்லாத வீடு. பேச்சு மூன்று கூட்டம் நடந்தது. கடைக்கு வருவதற்குப் பதினோரு நாள் முன்னால், ஓசூரில் இருந்த ஆலையில் வைத்து, அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்கக் கூடாது என்று எட்வின் எழுதிய கடிதம் அவர் கையிலேயே இருந்தது. தேதியோடு இருந்தது. ஏன் இதுவரை காட்டவில்லை என்று தலைவர் கேட்டதற்கு, யாரும் அதைக் கேட்கவில்லை என்றார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பயமாகவும் இருந்தது என்றார்.

ரஹமத்நிஷா வெந்நீரை ஒரு மிடறு குடித்தார்.

“வீடு ஒண்ணும் கத்துக்கொடுக்கல வக்கீல் சார். அதுக்கு முன்னாடியே நீங்க மறக்க வெச்சுட்டீங்க. மறக்க வெச்சதுக்கு நாப்பது நாள் கணக்கு கிடையாது.”

பதிவேட்டை ஆதாரமாக எடுக்க முடியாது என்று எழுதினார். பிள்ளையை அந்த மணிநேரமே தாயிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். நிறுவனத்தின் மேல் தனி வழக்குப் பதியச் சொன்னார். காப்பகம் அடுத்த கட்டடம்தான். நிறைமதி உத்தரவின் பிரதிக்குக்கூட நிற்கவில்லை. பின்னாலேயே மாசிலாமணி பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அவர் மூச்சு அன்று முப்பத்துநான்கைத் தாண்டியிருக்கும். திரும்பி வந்தவர், பையன் அம்மாவை அடையாளம் தெரியாத மாதிரி முதலில் முறைத்தான், அப்புறம் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டான் என்று சொன்னார். கண்ணைத் துடைத்ததற்கு வெயில் என்று காரணம் சொன்னார்.

ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனான். இன்னும் பதினோராயிரம் பிள்ளைகள் மடிநிலாவில் ஆடிக்கொண்டிருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் இடுப்பில் லூசான வெள்ளியோடு. வழக்கு முடிய ஆறு வருடம் ஆகும் என்று ஹரிநந்தன் நிதானமாகவே சொல்லிவிட்டுப் போனார். அதுவரை விற்பனைக்குத் தடை இல்லை.

சுகந்தி அலுவலகத்துக்கு வந்து, தன் துறையின் பழைய சட்டப் புத்தகத்தை எடுத்தாள். இது தொட்டிலா, மரச்சாமானா, மின்சாதனமா என்று ஆளாளுக்குச் சண்டை போட்டார்களே தவிர, அதன் திரையை யாரும் துறையின் கண்ணால் பார்க்கவில்லை. அது ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணை நம்பித்தான் மக்கள் வாங்குகிறார்கள். எண்ணைக் காட்டி விற்கிற எதுவும் அளவைக் கருவி. அளவைக் கருவி எதுவானாலும் முத்திரை வேண்டும். தராசு பொய் சொன்னால் அதை வளர்த்தது யார் என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. நேராகத் தராசையும் கடையையும் பூட்டும்.

வியாழக்கிழமை காலை, ஆலைக் கிடங்கின் கதவில் ஈயமுத்திரை தொங்கியது. விற்றுப்போன பதினோராயிரத்தின் திரையிலும் எண்ணை அணைக்க வேண்டும் என்று நோட்டீஸ் போனது. நிறுவனம் குதித்தது. தொட்டிலுக்கு முத்திரையா என்று செய்திகளில் சிரித்தார்கள். சுகந்தியின் மேலதிகாரியே கூப்பிட்டு, அடுத்து ஊஞ்சலுக்கும் போடுவீர்களா என்று கேட்டார். ஊஞ்சல் எண்ணைக் காட்டினால் போடுவேன் என்றாள்.

முத்திரைக்கு அவள் வைத்த பரீட்சை, எல்லாத் தராசுக்கும் முதலில் வைக்கிற அதே பரீட்சைதான்: காலித் தட்டில் சைபர் காட்ட வேண்டும். லூசான வெள்ளியோடு காலியாக ஆடும்போது சைபர் காட்டு, முத்திரை வாங்கிக்கொள்.

முதலில் கேமரா வைத்துக் கொண்டுவந்தார்கள். மாசிலாமணி பேத்தியின் பொம்மையைப் படுக்கவைத்தார். பொம்மை நலம் என்றது. அடுத்து, வெள்ளியைக் கண்டால் ‘ஆபரணத்தைக் கழற்றவும்’ என்று சொல்கிற தொட்டில் வந்தது. பால் புகட்டும் எவர்சில்வர் பாலாடையைப் போட்டதும், அது ஆபரணம் இல்லை என்று முடிவுகட்டி, பாலாடைக்கு முப்பத்தொன்று என்றது. விற்பனைப் பிரிவு அழுகை இல்லாத வழியாகவே தேடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வழி இல்லை. இரண்டு மாதம் கழித்து எட்வின் மூன்றாவது தொட்டிலை அவரே வண்டியிலிருந்து இறக்கினார். இம்முறை வக்கீல் வரவில்லை. விளம்பரப் பலகைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

சுகந்தி வெள்ளியைப் போட்டாள், பித்தளையைப் போட்டாள், பாலாடையை, பொம்மையை, மாசிலாமணியின் வீட்டுச் சாவிக்கொத்தைப் போட்டாள். ஒவ்வொரு முறையும் தொட்டில் ஆடி, நின்று, எண்ணி, சைபர் என்று சங்கு ஊதியது. முத்திரை குத்தினாள். பழைய பதினோராயிரத்துக்கும் அதே திருத்தம் ஒரே நாளில் போனது.

இப்போது அது இப்படி வேலை செய்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டில் பன்னிரண்டு நொடி நிற்கும். நின்றதும் பெரும்பாலான பிள்ளைகள் விழித்து அழும். அழுதால் மூச்சு இருக்கிறது. அழாவிட்டால் தொட்டில் நெஞ்சின் அசைவை எண்ணும். அசைவும் இல்லாவிட்டால் சங்கு ஊதும்.